தீயணைப்பு, போலீஸ் பேக்பைப் குழுவில் சேர்வது எப்படி: முதல் வகுப்பு தொடங்கி முதல் இறுதி ஊர்வலம் வரை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் போனில் ஒரு செய்தி வந்தது. "வியாழன் காலை 8 மணி. முழுச் சீருடை. யார் யார் வருகிறீர்கள்?" அவ்வளவுதான். யார் இறந்தார், எப்படி இறந்தார் என்பது முந்தைய இரவே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பத்து நிமிடத்துக்குள் பதினேழு பேர் வருவதாகப் பதில் போட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வியாழக்கிழமை டியூட்டி. யாரையோ பிடித்து, ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

போலீஸ்காரர்களும் தீயணைப்பு வீரர்களும் கில்ட் என்ற ஸ்காட்லாந்து மடிப்புப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, பேக்பைப் என்ற பை வைத்த ஊதுவாத்தியத்தை வாசிக்கும் குழுக்களைப் பார்த்திருப்பீர்கள். மார்ச் மாதம் ஐரிஷ்காரர்களின் செயின்ட் பேட்ரிக் தின ஊர்வலத்தில் பார்த்தால் ஏதோ கொண்டாட்டக் கோஷ்டி போலத் தெரியும். உண்மையில் அந்தக் குழு இருப்பதே அந்தச் செவ்வாய்க்கிழமைச் செய்திக்காகத்தான். வாரப் பயிற்சி, சீருடை, சந்தா, சண்டை, சாப்பாடு எல்லாம், இரண்டு நாள் அவகாசத்தில் இருபது பேர் ஒரே காலடியில் நடப்பதற்கான ஏற்பாடு.

நான் நியூ ஜெர்சியில் ஒரு தன்னார்வ ஆம்புலன்ஸ் படையில் இருக்கிறேன். பக்கத்து ஊர்க் குழு ஒன்றில் ஆறு வருடமாகப் பைப் ஊதுகிறேன். சுமாராகத்தான் ஊதுவேன். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்துகொண்டு, இந்தத் துறைகளில் கால் வைத்து, "நாமும் சேரலாமா?" என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பழக்கம் வந்த வழி

1840களின் நடுவில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தது. பிழைக்க வழியில்லாமல் கப்பலேறியவர்கள் நியூயார்க், பாஸ்டன், சிகாகோ என்று வந்து குவிந்தார்கள். அவர்களுக்கு எளிதில் கிடைத்தவை, மற்றவர்கள் செய்யத் தயங்கிய ஆபத்தான வேலைகள். போலீஸும் தீயணைப்பும் அதில் சேர்த்தி. வேலையில் உயிர்போனவனைச் சொந்த ஊர் முறைப்படி பைப் ஊதி அடக்கம் செய்தார்கள். நாளடைவில் இறந்தவர் ஐரிஷ்காரரா இல்லையா என்பது பொருட்டில்லாமல் போய், அது துறையின் வழக்கமாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊதுவது ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பைப். அயர்லாந்துக்கென்று இருக்கும் இலன் பைப் உட்கார்ந்து, முழங்கைக்கு அடியில் துருத்தியை அமுக்கி வாசிப்பது. அதை வைத்துக்கொண்டு தெருவில் அணிவகுக்க முடியாது. ஆகவே ஐரிஷ் பெருமை பேசும் குழுக்களும் ஸ்காட்லாந்து வாத்தியத்தைத்தான் தோளில் சாய்த்திருக்கின்றன. இதை எங்கள் குழுவில் சத்தமாகச் சொல்லாமலிருப்பது நல்லது.

காவல்துறைக் குழுக்களில் மூத்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், 1883இல் கோவன் நகரக் காவல்துறைக் குழுவாகத் தொடங்கியது. கனடாவில் வான்கூவர் போலீஸ் குழு 1914ஆம் வருடத்தது. நியூயார்க்கில் போலீஸ் எமரால்ட் சொசைட்டியின் குழு 1960இலும், தீயணைப்புத் துறையின் குழு 1962இலும் வந்தன. எமரால்ட் சொசைட்டி என்பது அரசுத் துறைகளில் இருக்கும் ஐரிஷ் வம்சாவளியினரின் சங்கம்.

1. குழுவைக் கண்டுபிடித்து நேரில் போங்கள்

சேர்க்கை விதி குழுவுக்குக் குழு மாறும். சிலர் பணியில் இருப்பவர்களையும் ஓய்வு பெற்றவர்களையும் மட்டும் சேர்ப்பார்கள். சிலர் குடும்பத்தினரையும் சேர்ப்பார்கள். ஆள் போதாத குழுக்கள், அதாவது பெரும்பாலான குழுக்கள், துறைக்கு வெளியே இருக்கும் நல்ல வாசிப்பாளர்களையும் வரவேற்கும். ஆம்புலன்ஸ், 911 அழைப்பு மையம், சிறைத்துறை ஆட்களுக்கும் பல இடங்களில் இடமுண்டு.

மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், பதில் வராது. பயிற்சி எந்த நாள், எங்கே என்று மட்டும் விசாரித்து நேரில் போய்விடுங்கள். வார நாள் ஒன்றின் மாலையில், தீயணைப்பு நிலைய மாடியிலோ தொழிற்சங்கக் கூடத்திலோ தேவாலயத்தின் அடித்தளத்திலோ நடக்கும். வாகன நிறுத்துமிடத்திலேயே சத்தம் கேட்கும், வழி தவறாது.

நான் போன முதல் நாள், "வாசிக்கத் தெரியுமா?" என்று யாரும் கேட்கவில்லை. பைப் மேஜர், அதாவது குழுவின் தலைமை வாசிப்பாளர், ஓய்வு பெற்ற தீயணைப்பு அதிகாரி, கேட்டது ஒரே கேள்வி: "ஒவ்வொரு வாரமும் வர முடியுமா?" எந்த நாட்டுக்காரன் என்று கேட்பார்கள் என நினைத்து ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்கு வேலையே வரவில்லை. கறுத்த மேனிக்குக் கில்ட் எடுப்பாக இருக்கும் என்று ஒரு பெண் டிரம்மர் சொன்னதோடு சரி.

2. பைப்பா, டிரம்மா?

நம் ஆட்களுக்கு இந்த வாத்தியம் புரிவது எளிது. நாயனமும் ஒத்தும் ஒரே ஆளிடம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விரல் வைத்து வாசிக்கும் குழல் சான்டர். தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று குழல்கள் டிரோன், அவைதான் ஒத்து. இரண்டு டெனர் டிரோன், ஒரு நீளமான பேஸ் டிரோன். டெனர் டிரோன்கள் சான்டரின் கீழ் 'ஏ' ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழேயும், பேஸ் டிரோன் இரண்டு ஸ்தாயி கீழேயும் நிற்கும். நடுவில் ஒரு பை. வாயால் ஊதிப் பையை நிரப்பி, மூச்சு வாங்கும் நேரத்தில் கையால் பையை அமுக்கினால் நாதம் அறுபடாமல் போகும். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா, நான் டிரோனுக்குச் சுருதி சேர்ப்பதை அரை மணி நேரம் கேட்டுவிட்டு, "ஒத்து மட்டும் ஊதிட்டே இருக்கியே, நாயனம் எப்ப வரும்?" என்றார். நம்மிடமும் பை வாத்தியம் ஒன்று உண்டு. துத்தி என்று பெயர். ஆட்டுத்தோல் பை, சுருதிக்கு மட்டும்.

சான்டரில் ஒன்பதே ஸ்வரம். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, நடுவில் நிறுத்தவும் முடியாது. ஒரே ஸ்வரம் இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் இடையில் வேறொரு ஸ்வரத்தைக் கண்ணிமைக்கும் நேரம் தொட்டுத்தான் பிரித்துக் காட்ட வேண்டும். இதை கிரேஸ் நோட் என்பார்கள். நம் கமகம் போல வளைவதில்லை, கத்தி வெட்டு மாதிரி. சான்டருக்குள் இருக்கும் ரீட், சீவாளி போலவே நாணலில் செய்த இரட்டை நாக்கு. ஆனால் உதடு அதைத் தொடாது, மரத்துக்குள் ஒளிந்திருக்கும். அதனால் சீவாளியை உதட்டால் அடக்கி ஆளும் சுகம் இதில் இல்லை. எல்லாம் கை அழுத்தம்தான்.

டிரம் பக்கம் மூன்று வகை. ஸ்நேர் டிரம்மின் தோல் அவ்வளவு இறுக்கமாக இழுக்கப்பட்டிருக்கும், விரலால் தட்டினால் மேஜையைத் தட்டுவது போல இருக்கும். கற்க நாளாகும். டெனர் டிரம்மில் அடிப்பதோடு மென்மையான குச்சிகளைச் சுழற்றுவதும் கணக்கு. பேஸ் டிரம்தான் குழுவின் காலடி. தாளக்கட்டு இருந்தால் சில மாதங்களில் பேஸ் டிரம்மோடு ஊர்வலத்தில் நடந்துவிடலாம். குழுக்களுக்கு எப்போதும் பஞ்சம் அதற்குத்தான். முதுகுவலி இருப்பவர்கள் வேண்டாம்.

3. சான்டரோடு ஒரு வருடம்

நேராகப் பைப்பைக் கையில் தர மாட்டார்கள். பிராக்டிஸ் சான்டர் என்ற மெலிந்த குழலில், பை இல்லாமல், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை விரல் பழக்கம். நூறு டாலர் சுமாருக்கு நல்லது கிடைக்கும். விரல் நுனியால் துளையை மூடக்கூடாது, இரண்டாம் கணுவின் சதையால், விரலை நீட்டி வைத்து மூட வேண்டும். புல்லாங்குழல் பழகியவர்களுக்கு முதல் மாதம் எரிச்சல் வரும்.

எனக்கு உயிரை எடுத்தது 'பர்ல்' என்ற ஒரு சின்னச் சங்கதி. கீழ்க்கையின் சுண்டுவிரலை மட்டும் நொடிக்குள் இரண்டு முறை துளையில் இழுத்துத் தட்ட வேண்டும். சுண்டுவிரல் நமக்குக் கட்டுப்பட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கார் ஸ்டியரிங்கில், டீ கிளாஸில், மீட்டிங் மேஜையில் என்று நான்கு மாதம் தட்டினேன். ஆபீஸில் எனக்கு ஏதோ நரம்புப் பிரச்சினை என்று பேச்சு.

பாட்டெல்லாம் மனப்பாடம். தெருவில் நோட்டுப் புத்தகம் பார்க்க முடியாது. முதலில் குழுவின் பட்டியலைக் கேட்டு, அதில் இறுதிச் சடங்குக்கு வாசிக்கும் பாட்டுகளைப் படியுங்கள். ஊர்வலப் பாட்டில் பின்வரிசையில் நின்று கொஞ்சம் தப்பித்துக்கொள்ளலாம். மெதுவான பாட்டில் ஒளிய இடமில்லை.

4. பைப் வாங்குவதும் பராமரிப்பதும்

இங்கே அவசரப்பட்டுப் பணத்தைத் தொலைப்பவர்கள் அதிகம். இணையத்தில் இருநூறு டாலருக்கு, பெட்டியோடு, டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணி உறையோடு பளபளவென்று பைப் கிடைக்கும். பெரும்பாலும் பாகிஸ்தானின் சியால்கோட்டில் தயாரானவை. சுவரில் மாட்டலாம். அவற்றுக்குச் சுருதி சேர்ப்பதற்குள் சங்கீதமே வெறுத்துவிடும். நல்ல புதுப் பைப்புக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். முதலில் குழுவிடம் இரவல் கேளுங்கள். இறந்துபோன உறுப்பினரின் பைப்பை அவர் குடும்பம் குழுவுக்கே கொடுத்திருக்கும். நான் இப்போது ஊதுவது அப்படிப்பட்ட ஒன்று. வெள்ளி வளையத்தில் வேறொருவரின் பெயர் முதலெழுத்துகள் இருக்கின்றன. அதை மாற்றத் தோன்றவில்லை.

நல்ல பைப்புகள் ஆப்பிரிக்காவின் கருமரத்தில் கடைந்தவை. குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றில் வறண்டால் மரம் வெடிக்கும். காரிலேயே விட்டுவிட்டுப் போனாலும் அதே கதி. மூட்டுகளில் மெழுகு தேய்த்த சணல் நூல் சுற்றியிருக்கும். குழல் ஆடினால் காற்று ஒழுகும், நான்கு சுற்று கூடுதலாகச் சுற்றுங்கள். எந்தப் பைப் கலைஞரின் சட்டைப் பையைத் துழாவினாலும் ஒரு நூல்கண்டும் கறுப்பு எலக்ட்ரிகல் டேப்பும் கிடைக்கும். டேப் எதற்கென்றால், ஒரு ஸ்வரம் சற்று ஏறி நின்றால் அந்தத் துளையின் மேல் ஓரத்தை டேப்பால் கொஞ்சம் மூடி இறக்குவதற்கு.

வாசித்து முடித்ததும் பிரித்து, குழல்களுக்குள் துணி விட்டு இழுத்து, பையைக் காய வையுங்கள். சோம்பல் வேண்டாம். 2016இல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் மான்செஸ்டர் மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 61 வயது, தினமும் பைப் வாசிப்பவர், பல வருடமாக மூச்சுத் திணறல். மூன்று மாதம் பைப்பை விட்டுவிட்டு ஆஸ்திரேலியா போனபோது உடம்பு தேறியது, திரும்பி வந்ததும் மோசமானது. பைக்குள் ஈரத்தில் வளர்ந்த பூஞ்சைகளைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது, அவர் இறந்துபோனார். எங்கள் குழுவில் புதிதாக வருபவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் யாரும் பையைக் கையில் கொடுப்பதில்லை.

இன்னொன்று, காது. ஒரு பைப்பின் சத்தமே நூறு டெசிபலைத் தாண்டும். சின்ன அறையில் பத்துப் பைப். சைரன் கேட்டே பாதி காது போனவர்கள் காதடைப்பானைக் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும், நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

5. கில்ட் கட்டுவது

முழுக் கில்ட் ஒன்றுக்கு எட்டு கெஜம் கம்பளித் துணி பிடிக்கும். அத்தனையும் பின்பக்க மடிப்புகளில் போய்விடும். கொசுவம் பின்னால், தட்டையான பகுதி முன்னால். வேட்டி கட்டிப் பழகியவனுக்குக் கில்ட்டில் கூச்சம் வராது. மற்றவர்களைவிட நாம் இதில் ஒரு படி மேல்தான். கீழ் விளிம்பு முழங்காலின் நடுவில் நிற்க வேண்டும். புதிதாக வருபவர்கள் பேண்ட் மாதிரி இடுப்பெலும்பில் கட்டி முழங்காலுக்குக் கீழே தொங்கவிடுவார்கள். தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

முன்பக்கம் குத்தும் கில்ட் ஊசியை வெளி மடிப்பில் மட்டும் குத்துங்கள், இரண்டையும் சேர்த்துக் குத்தினால் முதல் முறை குனியும்போதே துணி கிழியும். வாஷிங் மெஷினில் போடக்கூடாது. பயணத்தில் மடிப்பு கலையாமல் நீளவாக்கில் பாய் போலச் சுருட்டி வையுங்கள். இடுப்பு முன்னால் தொங்கும் ஸ்போரன் பையில் கார் சாவியும் மாற்று ரீடும் வைக்கலாம். போன் வேண்டாம். கில்ட்டைப் பெரும்பாலும் குழுவே கொடுக்கும். ஷூவும் காலுறையும் உங்கள் செலவு.

6. பயிற்சி இரவின் ஒழுங்கு

வட்டமாக நிற்பார்கள். பைப் மேஜர்தான் வாத்தியார். ஆளுக்கு ஆள் போய், பக்கத்தில் காதை வைத்து, டிரோனின் மேல்பகுதியை மெல்ல ஏற்றி இறக்கிச் சுருதி சேர்ப்பார். அவர் உங்கள் பைப்பைத் தொடும்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரே சீராக ஊதுவது. அழுத்தம் மாறினால் சுருதி மாறும், அவர் வேலை பாழ். டிரம்மர்களுக்குத் தனியாக டிரம் சார்ஜென்ட். தெருவில் மட்டும் எல்லோரும், முன்னால் நடந்துபோகும் டிரம் மேஜரின் கோலுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். வேலையில் நீங்கள் கேப்டனாக இருக்கலாம், உங்கள் கீழ் வேலை பார்க்கும் பையன் குழுவில் பைப் மேஜருக்கு அடுத்த இடமான பைப் சார்ஜென்டாக இருக்கலாம். கூடத்துக்குள் அவன் சொல்வதுதான். இதைச் சீரணிக்க முடியாமல் விலகிய அதிகாரிகள் உண்டு. போலீஸுக்கும் தீயணைப்புக்கும் இடையே ஓயாத கிண்டல் வேறு. புதியவன் அதில் தலையிடாமல் நாற்காலிகளை அடுக்கி வைத்தால் சீக்கிரம் பிடித்துப்போகும்.

சேர்ந்து தொடங்குவதையும் சேர்ந்து முடிப்பதையும் மட்டுமே அரை மணி நேரம் செய்ய வைப்பார்கள். டிரம்கள் இரண்டு முறை உருளும். அந்த இடைவெளியில் பையைக் கையால் தட்டி டிரோன்களை எழுப்பி, எல்லோரும் 'ஈ' ஸ்வரத்தில் நின்று, அப்புறம் பாட்டு. முடிக்கும்போது ஒரே வெட்டு. என் முதல் ஊர்வலத்தில் எல்லோரும் நிறுத்திய பிறகும் என் பேஸ் டிரோன் மட்டும் பசு மாடு மாதிரி மூன்று நொடி கத்தியது. தெருவோரம் நின்ற ஒரு குழந்தை கைதட்டியது. ஆறு வருடமாகியும் குழுவில் அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்பார்கள்.

பயிற்சி முடிந்தபின் உடனே கிளம்பாதீர்கள். சமையலறையில் ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். அன்றைக்கு எந்த அழைப்பில் என்ன பார்த்தார்கள் என்பது அங்கேதான் வெளியே வரும். மனநல ஆலோசகரிடம் வாயைத் திறக்காதவர்கள் அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். நான் புளியோதரை கொண்டுபோன இரவுகளில் பேச்சு இன்னும் நீளும்.

7. மார்ச் மாதம்

மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் தினம். நியூயார்க் ஊர்வலம் 1762 முதல் நடப்பது. சுற்றியுள்ள ஊர்கள் அதற்கு முன்னும் பின்னுமாக வார இறுதிகளில் தங்கள் ஊர்வலத்தை வைத்துக்கொள்ளும். எனவே மாதம் முழுக்க ஊர்வலம்தான். ஒரே நாளில் இரண்டு ஊரும் உண்டு. குழுவின் வருட வரும்படியில் பெரும்பங்கு இந்த மாதத்தில்தான் வரும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிள்ளைகளின் பிறந்தநாள் மார்ச்சில் இருந்தால் இப்போதே சமாதானத்துக்கு வழி தேடுங்கள்.

குளிர்தான் எதிரி. ரீட் குளிர்ந்தால் சுருதி இறங்கும், ஊதச் சூடேறினால் ஏறும். வரிசையில் காத்திருக்கும்போது சான்டரைக் கோட்டுக்குள் வைத்திருங்கள். கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிடுங்கள். கூட்டம் குடிக்கக் கொடுக்கும். முடியும்வரை தொடாதீர்கள்.

மே மாதத்தில் வாஷிங்டனில் போலீஸ் வாரம். 1962இல் அமெரிக்க அதிபர் கென்னடி மே 15ஐப் பணியில் இறந்த காவலர்களின் நினைவு நாளாக அறிவித்ததிலிருந்து தொடங்கிய வழக்கம். மே 13 இரவு மெழுகுவத்தி அஞ்சலி நடக்கும். தீயணைப்பு வீரர்களுக்கு மேரிலாந்தின் எம்மிட்ஸ்பர்க்கில் நினைவிடம். இந்த இரண்டு இடங்களிலும் நாடெங்கிலுமிருந்து வரும் பைப்புகள், ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராதவர்கள், ஒன்றாக வாசிப்பார்கள். ஒரு முறையாவது போங்கள். போட்டிகளைப் பற்றி நான் அதிகம் சொல்லவில்லை, எங்களைப் போன்ற குழுக்களுக்கு அது எட்டாத கனி. கிளாஸ்கோவின் போலீஸ் குழு, ஸ்ட்ராத்கிளைட் போலீஸ் என்ற பெயரில், உலகப் போட்டியை 12 முறை வென்றது. 1981 முதல் 1986 வரை தொடர்ச்சியாக. அது வேறு ஜாதி.

8. இறுதி ஊர்வலம்

அம்மாவுக்கு இது கடைசிவரை ஒப்பவில்லை. நாயனம் மங்கல வாத்தியம், சாவுக்குச் சங்கும் பறையும். ஒரே வாத்தியத்தைக் கல்யாணத்துக்கும் இடுகாட்டுக்கும் எடுத்துப்போவது என்ன வழக்கம் என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. முதல் ஊர்வலத்துக்குப் போய்வந்த அன்று, தலை முழுகிவிட்டு உள்ளே வா என்றார். முழுகினேன்.

அழைப்பு பைப் மேஜருக்கு வரும். தொழிற்சங்கமோ மரியாதை அணியோ, குடும்பத்தின் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு சொல்வார்கள். குடும்பம் வேண்டாமென்றால் வேண்டாம், அதில் வருத்தப்பட எதுவுமில்லை. ஓய்வுபெற்று முதுமையில் இறந்தவருக்கு இரண்டு பைப்பும் ஒரு டிரம்மும் போகும். பணியில் இறந்தவருக்கு முழுக் குழு, பக்கத்து ஊர்க் குழுக்களும் சேர்ந்துகொள்ளும்.

சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். தேவாலயத்தை விட்டுத் தள்ளி, குடும்பத்தின் காதில் விழாத இடத்தில் சுருதி சேர்ப்பார்கள். டிரம்களுக்குக் கறுப்புத் துணி போர்த்தி, ஸ்நேர் டிரம்மின் தோலில் உரசி அதிரும் கம்பிகளைத் தளர்த்திவிடுவார்கள். அந்த டிரம்மின் கலகலப்பே போய், வெறும் மரப்பெட்டியைத் தட்டுவது போல ஒலிக்கும். பிறகு தெருவில் வரிசை. நிற்பது, நின்றுகொண்டே இருப்பது. நாற்பது நிமிடம், ஒரு மணி நேரம். முழங்காலைப் பூட்டாமல் லேசாக மடக்கி நில்லுங்கள், இல்லையென்றால் மயக்கம் வரும். முந்தைய இரவு தண்ணீர் குடியுங்கள், காலையில் கழிப்பறை எங்கே என்று பார்த்து வையுங்கள். இதையெல்லாம் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

தீயணைப்பு வீரர் என்றால் சவப்பெட்டி தீயணைப்பு வண்டியின் மேல் வரும். முதலில் டிரம் மட்டும், ஒரு அடிக்கு ஒரு தட்டு. அப்புறம் மெதுநடை. ஒரு காலை முன்வைத்து, ஒரு கணம் நிறுத்தி, அடுத்த கால். வேகமாக நடப்பதைவிட இது கடினம், உடம்பு ஆடும். முன்னே நிற்பவரின் தோளுக்கு நடுவில் பார்வையை வைத்தால் ஆடாது.

பாட்டு பெரும்பாலும் அமேசிங் கிரேஸ் என்ற கிறிஸ்தவப் பாட்டுதான். பைப்பின் ஒன்பது ஸ்வரத்துக்குள் முழுசாக அடங்கிவிடுகிற மெட்டு. 1972இல் ராயல் ஸ்காட்ஸ் டிரகூன் கார்ட்ஸ் என்ற ராணுவக் குழு பைப்பில் வாசித்த பதிவு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதற்குப் பிறகு பைப் என்றாலே ஜனங்கள் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். முதலில் ஒரே ஒருவர் தொடங்குவார், இரண்டாம் முறை முழுக் குழுவும் சேரும். அந்தச் சேரும் இடத்தில்தான் குடும்பத்தினர் உடைந்து அழுவார்கள்.

அதனால் சொல்கிறேன்: முதல் வரிசையைப் பார்க்காதீர்கள். இது கல்நெஞ்சம் அல்ல, தொழில் விஷயம். தொண்டை அடைத்தால் ஊத முடியாது. ஊத முடியாவிட்டால் பை தளரும், சுருதி தொய்ந்து விழும், அந்தக் குடும்பம் அதையும் நினைவில் வைத்திருக்கும். நான் கூரை விளிம்பைப் பார்ப்பேன். ஒரு முறை தவறிப்போய்ப் பார்த்துவிட்டேன். பெரிய தீயணைப்புத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சிறுவன், அதன் பட்டையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். அடுத்த நாலு வரி நான் ஊதவில்லை, விரலை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் நின்றவர் எனக்கும் சேர்த்து ஊதினார். முடிந்தபிறகு அவரும் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

காவலருக்கு வானொலியில் கடைசி அழைப்பு உண்டு. கட்டுப்பாட்டு அறை அவர் எண்ணைக் கூப்பிடும், பதில் இருக்காது, மறுபடி கூப்பிடும், பிறகு அவர் பணி முடிந்தது என்று அறிவிக்கும். தீயணைப்பில் மணி. தந்தி முறையில் சேதி அனுப்பிய காலத்து வழக்கம் அது. நியூயார்க்கில் ஐந்து ஐந்தாக நான்கு முறை அடித்தால் ஒரு வீரர் பணியில் இறந்தார் என்று அர்த்தம். மணியடிக்கும்போது பைப்பிலிருந்து ஒரு முனகல்கூட வரக்கூடாது. கையைப் பையிலிருந்து முழுக்க எடுத்துவிடுங்கள்.

கல்லறையில் ஒற்றைப் பைப். அதற்குக் குழுவின் சிறந்த வாசிப்பாளரைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், பதறாதவரைத் தேர்ந்தெடுப்பார்கள். நாற்பது அடி தள்ளி, ஒரு மரத்தடியில் நின்று வாசித்துவிட்டு, வாசித்துக்கொண்டே திரும்பி நடந்துபோக வேண்டும். ஒலி தேய்ந்து மறையும். அந்தப் பாதையைக் காலையிலேயே ஒரு முறை நடந்து பாருங்கள். புதிதாக வெட்டிய குழிகளும் நெம்பிய கல்லும் இருக்கும். திரும்பி நடந்தபிறகு, பாட்டு முடியும்வரை நிற்காதீர்கள், திரும்பிப் பார்க்காதீர்கள்.

2001இல் நியூயார்க் தீயணைப்புத் துறையின் குழுவுக்கு நேர்ந்ததை இந்த வட்டத்தில் எல்லோரும் அறிவார்கள். செப்டம்பர் 11 அன்று துறையில் 343 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் அந்தக் குழுவின் டிரம்மர் ஒருவரும் உண்டு. ஒரே நாளில் பல இடங்களில் சடங்குகள். குழுவைச் சிறு சிறு பிரிவாகப் பிரித்து அனுப்பினார்கள். உடல் கிடைக்காமல் நினைவுக் கூட்டம் மட்டும் நடத்திய வீடுகளில், பின்னால் ஏதாவது அடையாளம் காணப்பட்டபோது மறுபடி சடங்கு. அது அடுத்த வருடம் வரை நீண்டது. இன்றைக்கு நாங்கள் ஆள் குறைவு என்று முணுமுணுத்தால் பெரியவர்கள் அந்த மாதங்களைச் சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள்.

9. காசு, வீடு

சடங்குக்குக் காசு வாங்குவதில்லை. பெரும்பாலான குழுக்கள் வரிவிலக்குப் பெற்ற லாப நோக்கமற்ற அமைப்புகளாகப் பதிவு செய்துகொண்டு, ஊர்வலக் கட்டணம், நன்கொடை, சந்தா, ஒரு வருடாந்தர விருந்து என்று ஓட்டுகின்றன. பொருளாளர் பதவிக்கு யாரும் போட்டியிட மாட்டார்கள். உங்களுக்குக் கணக்கு தெரியும் என்பதை முதல் இரண்டு வருடம் வெளியே காட்டிக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில்: இரவு எட்டுக்கு மேல் சான்டர் மட்டும், பைப் கராஜில். வருடத்தில் ஒரு குடும்ப நாளுக்கு மனைவி, மகள் இருவரும் வருவார்கள். செவ்வாய்க்கிழமைச் செய்தி வந்தால் எந்த ஏற்பாடும் செல்லாது.

சடங்கு முடிந்து சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள், போங்கள். இறந்தவரின் நிலையத்தில் அவருடன் வேலை பார்த்தவர்கள் பரிமாறுவார்கள். யாராவது ஒரு வேகப் பாட்டு கேட்பார்கள், வாசியுங்கள், அங்கே சிரிப்பு வந்தால் தப்பில்லை. வீட்டுக்கு வர ராத்திரியாகிவிடும். களைப்பில் பெட்டியை மூலையில் வைத்துவிட்டுப் படுக்கத் தோன்றும். ஷூவைக் கழற்றும் முன்பே பெட்டியைத் திறந்து, பைப்பைப் பிரித்து, பையைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். அன்றைக்கு அதில் ஈரம் அதிகம் இருக்கும்.